விம்ப்பரின் வழிநூல்கள்

போன ஆண்டுப் பஞ்சாங்கத்தை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. புதியது வந்ததும் பழையது பரணுக்கோ அடுப்புக்கோ போய்விடும். இரயில்வே கால அட்டவணைக்கும் அதே கதிதான். பயணிகளுக்கென எழுதப்படும் வழிகாட்டி நூல்களும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. விடுதி மாறும், கட்டணம் மாறும், புதிய பாதை வரும்; நூல் குப்பையாகும். எனினும் குப்பைக்குப் போக வேண்டிய இந்நூல்களையே தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். அவர்களிலும், விக்டோரியா அரசியார் காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்குச் செல்வோருக்காக வெளிவந்த ஆங்கில வழிகாட்டி நூல்களைச் சேர்ப்பவர்கள் தனிக் கூட்டம். அக்கூட்டத்தின் கடைசி வரிசையில் நானும் நிற்கிறேன். கடைசி வரிசை என்பதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அசல் பதிப்புகளை வாங்க ஆசிரியர் சம்பளம் இடம் தராது. என் அலமாரியில் இருப்பவை பெரும்பாலும் பிற்கால மறுபதிப்புகள்.

இத்துறையில் மதிப்புப் பெற்ற நூல்கள் சில உண்டு. ஜான் முர்ரே பதிப்பகம் 1838இல் வெளியிட்ட சுவிட்சர்லாந்துக் கையேடு மூத்தது. ஆங்கில மலையேற்றக் கழகத்தின் முதல் தலைவரான ஜான் பால் 1863 முதல் 1868 வரை மூன்று பகுதிகளாக எழுதிய ஆல்ப்ஸ் வழிகாட்டி அடுத்தது. மார்ட்டின் கான்வே 1881இல் வெளியிட்ட செர்மாட் கைநூல் சட்டைப் பையில் அடங்கக்கூடியது. மலை ஏறுவோருக்கென்றே எழுதப்பட்டது. இவையெல்லாம் அறிவும் உழைப்பும் சேர்ந்து பிறந்த நல்ல நூல்கள். ஆனால் நான் திரும்பத் திரும்பக் கையில் எடுப்பவை வேறு இரண்டு. ஒன்று சாமொனியையும் மோண்ட் பிளாங்க் மலைத்தொடரையும் பற்றியது, 1896இல் வந்தது. மற்றொன்று செர்மாட் பள்ளத்தாக்கையும் மாட்டர்ஹார்ன் சிகரத்தையும் பற்றியது, 1897இல் வந்தது. இரண்டையும் எழுதியவர் எட்வர்ட் விம்ப்பர்.

விம்ப்பர் என்றால் மாட்டர்ஹார்ன் மீது முதன்முதல் கால் வைத்தவர் என்று பொது அறிவு நூல்கள் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடும். அந்த வரி பொய்யன்று. ஆயினும் 25 வயதில் உலகப் புகழ் பெற்ற ஒருவர் தம் 56ஆம் வயதில் விடுதிகளையும் பாதைகளையும் குறித்துக்கொண்டு கைநூல் எழுத உட்கார்ந்தது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. அவர் வாழ்க்கையை நான் படிக்கத் தொடங்கியதே அந்தக் கேள்வியால்தான்.

அவர் 1840ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை ஜோசயா உட் விம்ப்பர் மரச்செதுக்குத் தொழிலில் பெயர் பெற்றவர். அக்காலத்தில் நிழற்படத்தை அப்படியே நூலில் அச்சிடும் முறை வரவில்லை. எந்தப் படமானாலும் அதைக் கெட்டியான மரக்கட்டையில் தலைகீழாகச் செதுக்கி, அச்செழுத்துகளோடு சேர்த்துப் பூட்டி அச்சிட வேண்டும். நம் அச்சகத்தார் பிளாக் என்பார்களே, அதன் பாட்டன் இந்த மரக்கட்டை. எட்வர்ட் 14ஆம் வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் பட்டறையில் உட்கார்ந்தார். தொழில் கற்ற அந்த ஆண்டுகளில் ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். வேலைச் செய்திகளும் ஊர்ச் செய்திகளுமாகப் போகிற அந்த நாட்குறிப்பில் பிற்கால மலையேறி எங்கும் தென்படவில்லை. கோடு பிசகாமல் பார்க்கும் கண்ணும் எதையும் குறித்து வைக்கும் பழக்கமும் மட்டும் தெரிகின்றன.

1860இல் வில்லியம் லாங்மன் என்ற பதிப்பாளர் ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரைந்துவர ஒரு கைதேர்ந்த ஓவியரைத் தேடினார். வேலை இந்த இருபது வயது இளைஞருக்குக் கிடைத்தது. அதுவரை அவர் பெரிய மலை எதையும் கண்டவரல்லர். படம் வரையப் போனவருக்கு மலை பிடித்துவிட்டது. மறு ஆண்டே பிரான்சில் மோண்ட் பெல்வூ சிகரத்தின் மேல் நின்றார். அதே ஆண்டில் மாட்டர்ஹார்னையும் முயன்று பார்த்தார்.

மாட்டர்ஹார்ன் 4,478 மீட்டர் உயரமுள்ளது. ஆல்ப்ஸில் அதைவிட உயர்ந்த சிகரங்கள் இருக்கின்றன. ஆனால் சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் நடுவே, எந்த மலையோடும் ஒட்டாமல், நாற்புறமும் செங்குத்தாக நிற்பது அது ஒன்றுதான். அதில் ஏறவே முடியாது என்று உள்ளூர் மக்கள் நம்பினர். விம்ப்பர் இத்தாலியப் பக்கத்திலுள்ள பிரெய் என்ற சிற்றூரிலிருந்து பலமுறை முயன்றார். 1862இல் மட்டும் ஐந்து முறை. அவற்றுள் ஒருமுறை துணையின்றித் தனியாகச் சென்று திரும்பும்போது சறுக்கி, ஏறத்தாழ 200 அடி உருண்டு, தலையில் பலத்த காயத்தோடு பாதாளத்தின் விளிம்பில் நின்றார். காயம் ஆறுவதற்குள் மறுபடியும் ஏறப் போனார். இத்தகைய பிடிவாதத்தைத் துணிவு என்பதா, பித்து என்பதா?

அந்த ஊரில் ழான் அந்த்வான் கரெல் என்ற வழிகாட்டி இருந்தார். முன்னாள் போர்வீரர், மாட்டர்ஹார்ன் தம் ஊர் மலை, அதை இத்தாலியக் கால்களே முதலில் மிதிக்க வேண்டும் என்று எண்ணியவர். விம்ப்பருக்கு அவர் சில நாள் துணை, சில நாள் போட்டியாளர். 1865 ஜூலையில் கரெல் தம் நாட்டவருக்காக ஏறத் தொடங்கிவிட்டார் என்ற செய்தி விம்ப்பருக்குக் கிடைத்தது. கூட அழைத்துச் செல்ல அவருக்கு ஆள் இல்லை. அந்த நேரத்தில் அங்கு வந்த 18 வயது பிரான்சிஸ் டக்ளஸ் பிரபுவைச் சேர்த்துக்கொண்டு கணவாயைக் கடந்து சுவிஸ் பக்கம் செர்மாட்டுக்கு விரைந்தார். அங்கே சார்லஸ் ஹட்சன் என்ற பாதிரியாரும், அவரோடு வந்த 19 வயது டக்ளஸ் ஹாடோவும், மிஷேல் குரோஸ் என்ற சிறந்த வழிகாட்டியும் அதே மலைக்காகத் தங்கியிருந்தார்கள். இரு குழுக்களும் ஒரே மாலையில் ஒன்றாயின. செர்மாட் வழிகாட்டிகளான மூத்த பீட்டர் டவுக்வால்டரும் அவர் மகன் இளைய பீட்டரும் சேர, மொத்தம் ஏழு பேர். ஹாடோவுக்கு மலைப் பழக்கம் மிகக் குறைவு. அவரைச் சேர்க்கலாமா என்று விம்ப்பர் கேட்கத்தான் கேட்டார்; ஹட்சன் உறுதி சொன்னதும் ஒப்புக்கொண்டார். கரெலை முந்த வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லாதிருந்தால் இன்னும் ஒருமுறை கேட்டிருப்பார் என்றே நான் கருதுகிறேன்.

ஏற்றம் எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. ஜூலை 14ஆம் நாள் பிற்பகல் 1.40 மணிக்குக் குரோஸும் விம்ப்பரும் கடைசிப் பனிச் சரிவில் ஓடி உச்சியை அடைந்தனர். பனியில் காலடித் தடம் இல்லை. கீழே இத்தாலியப் பக்கம் எட்டிப் பார்த்தால் கரெலின் குழுவினர் எறும்புகளாகத் தெரிந்தனர். அவர்கள் கவனத்தைத் திருப்பக் கற்களை உருட்டிவிட்டார்கள். கரெல் மனமுடைந்து திரும்பிப் போனார். மூன்று நாள் கழித்து அவரும் தம் பக்கத்து வழியாகவே ஏறி முடித்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு மணி நேரம் உச்சியில் கழிந்தது. விம்ப்பர் படம் வரைந்துகொண்டிருந்தபோது மற்றவர்கள் இறங்குவதற்குக் கயிறு கட்டிக்கொண்டார்கள். முதலில் குரோஸ், பிறகு ஹாடோ, ஹட்சன், டக்ளஸ், மூத்த பீட்டர். விம்ப்பரும் இளைய பீட்டரும் பின்னால் வந்து அதே வரிசையில் இணைந்தனர். சற்றுத் தூரம் இறங்கியதும் ஹாடோவின் கால் வழுக்கியது. அவர் குரோஸின் மேல் விழ, அந்த இழுப்பில் ஹட்சனும் டக்ளஸும் பிடுங்கப்பட்டனர். மேலே இருந்த மூவரும் பாறையைப் பற்றி நின்றார்கள். டக்ளஸுக்கும் மூத்த பீட்டருக்கும் இடையே கயிறு அறுந்தது. நால்வரும் ஏறத்தாழ 4,000 அடி கீழே பனியாற்றில் விழுந்து மாண்டனர்.

அறுந்த கயிறு எது? அவர்களிடம் மூன்று வகைக் கயிறுகள் இருந்தன. அறுந்தது மூன்றிலும் மெலிந்தது; மனிதரைத் தாங்குவதற்கென்று கொண்டுவரப்பட்டதே அன்று. மூத்த பீட்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்று வதந்தி கிளம்பியது. செர்மாட்டில் நடந்த விசாரணை அவர்மேல் குற்றமில்லை என்று முடிந்தது. அறுந்த முனையைப் பார்த்த விம்ப்பரும் அது வெட்டப்படவில்லை என்று தெளிவாகவே எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். தம்மைக் காத்துக்கொள்ளவே பீட்டர் மெலிந்த கயிற்றை அந்த இடத்தில் கட்டினாரோ என்ற ஐயத்தையும் தம் நூலில் எழுப்பிவிட்டார். நூல் உலகமெங்கும் பரவியது; ஐயமும் கூடவே பரவியது. ஏழை வழிகாட்டிக்கு மறுப்பு எழுத நூல் ஏது? அவர் பெயர் கெட்டது. சில காலம் ஊரைவிட்டே போயிருந்தார். 1888இல் மாட்டர்ஹார்ன் அடிவாரத்தில், சுவார்ட்ஸே ஏரிக் கரையில் இறந்தார்.

இந்த இடத்தில் என் மனம் விம்ப்பர் பக்கம் நிற்கவில்லை. கயிறு கட்டப்பட்ட நேரத்தில் அவர் படம் வரைந்துகொண்டிருந்தார். இணைந்த பிறகாவது யார் எந்தக் கயிற்றில் இருக்கிறார்கள் என்று பார்த்திருக்கலாம். மரக்கட்டையில் மயிரிழைக் கோட்டையும் தவற விடாத கண் அது. பிழை ஏழு பேருக்கும் பொது என்றால் பழி மட்டும் ஒருவருக்கு ஏன்?

இங்கிலாந்தில் பெரும் கூச்சல் எழுந்தது. மலையேற்றமே வீண் உயிர்க்கொலை என்று நாளேடுகள் எழுதின. விம்ப்பர் டைம்ஸ் இதழுக்கு எழுதிய நீண்ட விளக்கம் 1865 ஆகஸ்டில் வெளிவந்தது. பிறகு தம் ஆல்ப்ஸ் அனுபவங்களை ஒரு பெரிய நூலாக்க உட்கார்ந்தார். படங்களைச் செதுக்கும் வேலையே ஆண்டுக்கணக்கில் நீண்டது. நூல் 1871இல் முர்ரே பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. மலையேற்ற நூல்களில் அதற்கு இணையாகப் பரவியது வேறில்லை எனலாம். எழுதியவரே செதுக்கியவராகவும் இருப்பது அச்சுக்கலை வரலாற்றில் அரிது. அதன் முதற்பதிப்புக்குத்தான் சேகரிப்போர் உயிரை விடுகிறார்கள்.

அதன்பின் ஆல்ப்ஸில் புதுச் சிகரம் எதையும் அவர் பெரிதாக நாடவில்லை. 1867இலும் 1872இலும் கிரீன்லாந்துக்குச் சென்று புதைபடிவத் தாவரங்களைத் திரட்டினார். 1874இல் நிழற்படம் எடுப்பதற்காக மாட்டர்ஹார்னில் மீண்டும் ஏறினார். அப்போது அவரை அழைத்துச் சென்றவர் பழைய போட்டியாளர் கரெல். 1879இல் தென் அமெரிக்காவிலுள்ள ஈக்குவடோர் நாட்டுக்குப் புறப்பட்டபோதும் கரெலையே உடன் கொண்டார். 1880 ஜனவரி 4ஆம் நாள் 6,263 மீட்டர் உயரமுள்ள சிம்போராசோ உச்சியில் கரெலும் அவர் உறவினர் லூயி கரெலும் விம்ப்பரும் முதன்முதலாக நின்றனர். அந்தப் பயணத்தின் நோக்கம் வெற்றி மட்டுமன்று. உயரத்தில் மனித உடல் என்ன ஆகிறது என்று அறிய அவர் விரும்பினார். ஏறத்தாழ 16,600 அடி உயரத்தில் மூவரும் தலைவலியும் மூச்சுத் திணறலுமாய்ச் சுருண்டு படுத்ததைக் கூச்சமின்றி எழுதியிருக்கிறார். கொட்டோபாக்சி எரிமலையின் உச்சியில் கூடாரம் அடித்து ஓர் இரவைக் கழித்தார். அந்நூல் வெளிவந்தபின் 1892இல் அரச புவியியல் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்தது. கரெல் அதைக் காண இல்லை. 1890இல் மாட்டர்ஹார்னில் புயலில் சிக்கிய தம் குழுவினரைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அம்மலையின் அடியிலேயே அவர் உயிர் துறந்தார்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். விம்ப்பர் பிரபு வீட்டுப் பிள்ளையல்லர், உழைத்துப் பிழைத்தவர். நிழற்படத்தை நேரடியாகப் பிளாக் ஆக்கும் முறை பரவியதும் மரச்செதுக்குத் தொழில் அவர் கண்ணெதிரிலேயே சாய்ந்தது. மாய விளக்குப் படங்களைக் காட்டி ஊர் ஊராகச் சொற்பொழிவு ஆற்றினார். அதற்கடுத்த வழியாகத்தான் வழிகாட்டி நூல்கள் வந்தன. வயிற்றுப்பாட்டுக்காக எழுதப்பட்டவை என்று சிலர் இவற்றை இறக்கிப் பேசுவார்கள். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த வேலை நல்ல வேலையாக இருக்கக்கூடாதா?

நூலுக்குள் விடுதிகளின் விளம்பரங்கள் உண்டு, வரைபடங்கள் உண்டு, அவரே செதுக்கிய பழைய படங்களும் உண்டு. கோடைதோறும் அப்பள்ளத்தாக்குகளுக்குப் போய்ச் செய்திகளைச் சரிபார்த்து, ஏறத்தாழ ஆண்டுக்கு ஒரு பதிப்பாகத் திருத்திக்கொண்டே வந்தார். திருத்துவதற்குச் செய்தியும் இருந்தது. அவர் முதலில் போனபோது செர்மாட்டுக்கு நடந்தோ கோவேறு கழுதையிலோதான் போக வேண்டும். 1891இல் இரயில் வந்தது. 1898இல் கோர்னர்கிராட் முகட்டுக்கே இரயில் ஏறியது. 1901இல் சாமொனிக்கும் இரயில் வந்தது. மாட்டர்ஹார்னின் ஹோர்ன்லி விளிம்பில் 1880 முதல் தங்குகுடில் இருந்தது. அவர் பலமுறை தோற்றுத் திரும்பிய மலைக்கு இப்போது கட்டணம் கொடுத்தால் வழிகாட்டி அழைத்துச் செல்வார். இந்த மாற்றங்கள் ஒவ்வொரு பதிப்பிலும் ஓசையின்றிப் பதிந்துகொண்டே போகின்றன. ஆகையால்தான் சேகரிப்போர் ஏதோ ஒரு பிரதியோடு மனநிறைவு அடைவதில்லை, ஆண்டுவாரியாகத் தேடுகிறார்கள். மடிப்பு வரைபடம் கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பைண்டு செய்தவர் விளம்பரப் பக்கங்களை வீண் என்று கழித்துவிட்டாரா என்றும் பார்ப்பார்கள். அந்தப் பக்கங்கள்தான் இன்று பொன்.

வழிநூல் என்று தலைப்பிட்டதைக் கண்டு தமிழ்த் துறை நண்பர்கள் நன்னூலோடு வரக்கூடும். நான் கருதியது வழி காட்டும் நூல். ஆனால் இலக்கணப்படியும் அப்பெயர் பொருந்தாமல் இல்லை. செர்மாட் நூலில் மாட்டர்ஹார்ன் வரலாற்றைத் தம் 1871ஆம் ஆண்டு நூலிலிருந்தே சுருக்கி எடுத்துச் சேர்த்திருக்கிறார். பாதையும் விடுதியும் சொல்லிக்கொண்டே வரும் நூலின் நடுவே அந்த ஜூலை 14 வந்து நிற்கிறது. சுற்றுலாவுக்கு வரும் குடும்பத்தார் அதையும் படித்துவிட்டுத்தான் மலையைப் பார்ப்பார்கள்.

சாமொனி நூலிலும் அவர் விபத்துகளை மறைக்கவில்லை. 1820இல் மோண்ட் பிளாங்க்கில் பனிச்சரிவில் புதைந்த மூன்று வழிகாட்டிகளின் எச்சங்களைப் பனியாறு 1861 முதல் கீழே கொண்டுவந்து போட்டது. 1866இல் அதே மலையில் இறந்த ஆர்க்ரைட் என்ற படைத்தலைவரின் உடல் 1897இல் வெளிப்பட்டது. விம்ப்பர் தம் வழிகாட்டி நூல்களைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. மாட்டர்ஹார்னில் விழுந்த நால்வரில் மூவரின் உடல்கள் உடனே கிடைத்தன. டக்ளஸின் கையுறை போன்ற சில பொருள்கள் கிடைத்தன, உடல் கிடைக்கவேயில்லை. பனியாறு முப்பது நாற்பது ஆண்டு கழித்துத் திருப்பித் தரும் கணக்கை எழுதிய கை, கோடைதோறும் செர்மாட்டுக்குப் போகும்போது எதையேனும் எதிர்பார்த்திருக்குமோ என்று நான் எண்ணுவதுண்டு. அவர் அதைச் சொன்னவரல்லர். மனத்தில் உள்ளதைச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

வயது ஏற ஏறத் தனிமையும் சிடுசிடுப்பும் கூடின. மலையேற்ற நூல்களைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கூலிட்ஜ் என்ற அமெரிக்கப் பாதிரியாரோடு அவருக்கு ஒரு கடும் பூசல் நேர்ந்தது. 1871ஆம் ஆண்டு நூலில் அல்மெர் என்ற வழிகாட்டி ஒரு பாறைப் பிளவைத் தாண்டுவது போன்ற படம் இருக்கிறது. அப்படித் தாண்டியதே இல்லை என்று கூலிட்ஜ் எழுதினார். வரைந்தவருக்குப் பொறுக்குமா? பல ஆண்டுகள் பேச்சில்லை. 1906இல் விம்ப்பர் தம்மைவிட மிகவும் இளையவரான ஒரு பெண்ணை மணந்தார். ஒரு மகள் பிறந்தாள். 1910இல் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டனர்.

1911 கோடையிலும் அவர் வழக்கம்போல ஆல்ப்ஸுக்குப் புறப்பட்டார். கிரிண்டல்வால்டில் வசித்த கூலிட்ஜைத் தாமே தேடிச் சென்று சமாதானமாகித் திரும்பினார். டவுக்வால்டரிடம் அப்படிப் போக அவருக்கு வாய்க்கவில்லை; அவர் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. செப்டம்பரில் சாமொனிக்கு வந்து விடுதியில் தங்கினார். உடல் நலம் கெட்டது. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டார். மருத்துவம் வேண்டாமென்று மறுத்துவிட்டார். செப்டம்பர் 16ஆம் நாள் அந்த அறையிலேயே உயிர் பிரிந்தது. அவ்வூரில் ஆங்கிலேயருக்கான கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவருடைய வழிகாட்டி நூல்களின் 1911ஆம் ஆண்டுப் பதிப்பு அதற்கு முன்பே அச்சாகி விற்பனைக்கு வந்திருந்தது.